மண்ணெண்ணெயிலும் எரியணும், பெட்ரோலிலும் எரியணும்: மலை நடைக்கு மலிவான அடுப்பு எது?

கேள்வி சுருக்கமாக இது: ஆகஸ்ட் மாதம் இரண்டு பேர் லடாக்கில் பத்து நாள் நடக்கப் போகிறார்கள். குதிரை கிடையாது, சமையல்காரர் கிடையாது, எல்லாம் முதுகில்தான். சென்னையிலிருந்து விமானம் என்பதால் கேஸ் கேனிஸ்டரை (கேஸ் அடைத்த சின்ன டப்பா) கொண்டுபோக வழியில்லை. போகிற இடத்தில் எந்த எண்ணெய் கிடைக்கிறதோ அதில் எரிகிற ‘மல்டி ஃப்யூயல்’ அடுப்பு ஒன்று எட்டாயிரம் ரூபாய்க்குள் வேண்டும். எதை வாங்கலாம்?

மாடல் பெயர் மட்டும் போதும் என்றால் மூன்று வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்த வகை அடுப்பில் பணத்தைத் தண்ணீராக விட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த அடுப்பு உங்களுக்குத் தேவையா என்று பார்த்துவிடலாம். லடாக் என்றால் பெரும்பாலோர் போவது மார்க்கா பள்ளத்தாக்கு. அங்கே ஊருக்கு ஊர் வீடுகளில் தங்கிச் சாப்பிடலாம்; நடுவில் டீக்கடைக் கூடாரங்களும் உண்டு. அந்த வழிக்கு அடுப்பே வேண்டாம், ஒரு ஃப்ளாஸ்க் போதும். லே நகரத்திலிருந்து நான்கைந்து நாள் நடை என்றாலும் எண்ணெய் அடுப்பு வேண்டாம். சீசனில் லே கடைத்தெருவிலேயே மரையுள்ள கேனிஸ்டர் விற்கும். அதன் மேல் திருகுகிற சின்ன கேஸ் பர்னர் ஒன்றை இங்கிருந்து எடுத்துப் போனால் வேலை முடிந்தது. பி.ஆர்.எஸ் 3000டி என்ற சீன பர்னர் வெறும் 25 கிராம்தான், விலையும் உங்கள் பட்ஜெட்டில் ஒரு சின்னத் துண்டு. (கேனிஸ்டரைக் கையில் வாங்கியதும் அடியையும் வாயையும் பாருங்கள். காலி டப்பாவில் சமையல் கேஸை நிரப்பித் திரும்ப விற்பதும் நடக்கிறது. துருவும் உரசலும் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.)

எண்ணெய் அடுப்புக்கு மதிப்பு வருவது நாள் கூடும்போது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்குக் காலையில் டீ, ஓட்ஸ்; சாயங்காலம் சூப், ஒரு சாப்பாடு, மறுநாளைக்குக் குடிதண்ணீர் கொஞ்சம். ஒரு நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிகிரியில் இருக்கிற ஓடைத் தண்ணீரை அந்த உயரத்தில் கொதிக்க வைக்க லிட்டருக்குச் சுமார் 340 கிலோ ஜூல் வேண்டும். நான்கு லிட்டருக்கு 1,360. காற்றிலும் பாத்திரத்தின் ஓரத்திலும் பாதிச் சூடு போய்விடும், அதனால் இரட்டிப்பாக்கினால் 2,700 சொச்சம். ஒரு கிராம் மண்ணெண்ணெயில் 43 கிலோ ஜூல் இருக்கிறது. ஆக 63, 64 கிராம். அளவில் 80 மில்லி. அடுப்பைச் சூடேற்ற, கொஞ்ச நேரம் கொதியிலேயே வைக்க, கீழே சிந்த என்று சேர்த்தால் நாளுக்கு 120 மில்லி. பத்து நாளைக்கு 1.2 லிட்டர், கனம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இதையே கேஸில் போட்டால் 230 கிராம் கேனிஸ்டர் நான்கு வேண்டும். உள்ளே இருக்கும் கேஸ் போக, வெறும் டப்பா மட்டும் ஒவ்வொன்றும் 150 கிராம். காலியானதை மலையில் வீசிவிட்டு வர மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆக அதையும் சுமக்க வேண்டும். எண்ணெய் அடுப்பும் பம்ப்பும் சேர்ந்து 300 முதல் 500 கிராம் வரும், பாட்டில் தனி. நான்கு நாள் நடையில் கேஸ் ஜெயிக்கும், பத்து நாளில் இரண்டும் ஏறக்குறைய சமம். பதினைந்து நாளுக்கு மேலோ, வழியில் பனிக்கட்டியை உருக்கித்தான் தண்ணீர் என்றாலோ எண்ணெய்தான். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கி வெறும் பூஜ்யம் டிகிரித் தண்ணீராக்கவே 334 கிலோ ஜூல் போய்விடும். உருக்குவதற்கு மட்டும் இன்னொரு முறை கொதிக்க வைத்த செலவு என்று வையுங்கள்.

குளிரும் ஒரு காரணம். கடல்மட்டக் கணக்கில், கேனிஸ்டருக்குள் இருக்கிற பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. கலவை நல்லதாக இருந்தால் ஆகஸ்ட் லடாக்குக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 4,700 மீட்டரில் தங்கிய இரவுகளில், பாத்திரத்தில் மிச்சம் வைத்த தண்ணீர் விடியும்போது மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்ததை ஆகஸ்டிலேயே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பாதி தீர்ந்த மலிவு கேனிஸ்டர் மெழுகுவத்தி மாதிரி மினுக்கும். எண்ணெய் அடுப்பில் அழுத்தம் கொடுப்பது நம் கை. குளிர் எவ்வளவு இருந்தாலும் நான்கு குத்து கூடக் குத்தினால் எரியும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அடுப்பு புதிதே இல்லை. நம் வீடுகளில் இருந்த பித்தளைப் பம்ப் ஸ்டவ்தான் இது. ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரைமஸ் அடுப்பின் வாரிசு. திரி கிடையாது. எண்ணெயை அழுத்திச் சூடான குழாய் வழியே ஏற்றினால் அது ஆவியாகிச் சின்ன ஓட்டை வழியே சீறி வரும். காற்றோடு கலந்து நீலமாக எரியும். 1911-இல் அமுண்ட்சன் தென்துருவத்துக்குக் கொண்டுபோனது இந்த அடுப்பைத்தான். எங்கள் பாட்டி அதில் கிருஷ்ணாயில் ஊற்றி ஐம்பது பேருக்குக் காப்பி போட்டிருக்கிறார். மலையேறிகளுக்காக இதில் வந்த பெரிய மாற்றம் 1973-இல். அமெரிக்காவின் எம்.எஸ்.ஆர் நிறுவனத்தை ஆரம்பித்த லாரி பென்பெர்தி, உயரத்தில் மலையேறிகள் போதிய தண்ணீர் குடிக்காததுதான் உடல் கெடுவதற்கு ஒரு காரணம் என்று நினைத்தார். வேகமாகப் பனி உருக்கும் அடுப்பு வேண்டும் என்று தேடியவர், எண்ணெய்த் தொட்டியை அடுப்பிலிருந்து பிரித்து, அலுமினிய பாட்டிலையே தொட்டியாக்கி, ஒரு குழாயால் இணைத்தார். இன்றைக்கு நீங்கள் கடையில் பார்க்கிற அத்தனை மல்டி ஃப்யூயல் அடுப்புக்கும் மூலம் அந்த வடிவம்தான்.

வாங்கும்போது பெயரில் ஏமாறாதீர்கள், இதில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். நம் ஆன்லைன் கடைகளில் ‘மல்டி ஃப்யூயல்’ என்று தேடினால் பாதிக்குப் பாதி விறகு, கரி, வறட்டி போட்டு எரிக்கிற தகர அடுப்பு வரும். அதை ஒதுக்கிவிடலாம். அடுத்தது ‘டூயல் ஃப்யூயல்’. கோல்மன் அடுப்புகளில் இந்தச் சொல்லுக்குப் பொருள் ‘வெள்ளைப் பெட்ரோல்’ எனப்படும் சுத்திகரித்த நாப்தா, இல்லாவிட்டால் சாதாரண பெட்ரோல். மண்ணெண்ணெய் அதில் எரியாது. ஜப்பானின் சோட்டோ மூக்காவும் அப்படித்தான். அருமையான அடுப்பு, ஆனால் பெட்ரோல் வகைக்கு மட்டும். எம்.எஸ்.ஆர் விஸ்பர்லைட் வரிசை இதைவிடக் குழப்பும். வெறும் ‘விஸ்பர்லைட்’ வெள்ளைப் பெட்ரோலுக்கு மட்டும். ‘விஸ்பர்லைட் இன்டர்நேஷனல்’ வெள்ளைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண பெட்ரோல் மூன்றுக்கும். ‘யுனிவர்சல்’ என்றால் கேனிஸ்டரும் சேர்த்து. படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய பொருளாக வாங்கும்போது விற்பவருக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. வெள்ளைப் பெட்ரோல் நம் நாட்டில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. அதனால் ‘மண்ணெண்ணெயில் எரியுமா?’ என்ற ஒரே கேள்வியை விடாமல் கேளுங்கள். பெட்டியில் ஏழு எரிபொருள் பெயர் அச்சடித்திருப்பது உங்களுக்கு எதற்கு? உங்கள் வழியில் கிடைப்பது இரண்டோ மூன்றோதான்.

அந்த இரண்டு மூன்றைப் பார்ப்போம். பெட்ரோல் எங்கும் கிடைக்கும், பங்க்கில் பாட்டிலில் தருவார்களா என்பதுதான் சிக்கல். அதோடு, இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் சில ரப்பர்களை ஊதிப்போகச் செய்யும், ஈரத்தையும் இழுக்கும். மலிவு அடுப்பின் ஓ-ரிங், அதாவது மூட்டு கசியாமல் அடைக்கும் வளையம், எந்த ரப்பர் என்று யாருக்குத் தெரியும்? வண்டிக்காகச் சேர்த்த மற்ற மருந்துகள் குழாய்க்குள் கரியாகப் படிந்து அடைக்கும். இவையெல்லாம் போக, பெட்ரோல் பெட்ரோல்தான். உறைபனியிலும் அதன் ஆவி பற்றும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய நாற்பது டிகிரி சூடாவது வந்தால்தான் மேலே நிற்கிற ஆவி தீப்பிடிக்கும். கூடாரத்து வாசலில், விரைத்துப்போன விரல்களோடு, தலைவிளக்கு வெளிச்சத்தில் பாட்டிலைத் திறந்து ஊற்றும்போது இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். என் ஓட்டு மண்ணெண்ணெய்க்கு. நாற்றம் அடிக்கும், பற்ற வைக்க நேரம் எடுக்கும், கையில் பட்டால் அன்றைக்குச் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் அதே வாசனை. இருந்தாலும் அதுதான்.

இங்கே ரேஷனில் மண்ணெண்ணெய் சுருங்கிப்போய்விட்டது. சென்னையில் ஒரு லிட்டர் தேடுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். லடாக்கில் கதை வேறு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் புகாரி அடுப்புகளுக்கு அங்கே மண்ணெண்ணெய் புழங்குகிறது, ஊருக்குள் விசாரித்தால் கிடைக்கும். ரேஷன் எண்ணெய் நீல நிறமாக இருக்கும். அந்த நிறத்தால் அடுப்புக்கு ஒன்றும் ஆகாது. அதில் மிதக்கிற தூசிதான் ஆபத்து.

டீசல் எரியும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கடைசிப் புகலிடமாக வைத்துக்கொள்ளுங்கள். புகையும், பாத்திரம் கறுக்கும், ஜெட் அடைக்கும். பெயின்ட் கடைத் தின்னரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கிற டொலுவீனும் அசிட்டோனும் ரப்பரைத் தின்றுவிடும்.

ஜெட் என்றேன். நம் ஊர் ஸ்டவ் ரிப்பேர்காரர் அதை ‘நிப்பிள்’ என்பார். எண்ணெய் ஆவி சீறி வரும் ஊசித் துளை. எரிபொருள் மாறினால் துளையின் அளவும் மாற வேண்டும். பிரைமஸ் ஆம்னிஃப்யூயலில் கேஸுக்கு 0.45 மில்லிமீட்டர், பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் 0.28 என்று மூன்று ஜெட் தருவார்கள். மண்ணெண்ணெய் ஆவியில் கரி அதிகம், அதே அளவு ஆவி எரிய அதிகக் காற்று வேண்டும். அதனால்தான் துளை சிறியது. பெட்ரோல் ஜெட்டில் மண்ணெண்ணெயை ஓட்டினால் மஞ்சளாகப் புகைந்து பாத்திரம் தார் பூசினாற்போல் ஆகிவிடும். ஆப்டிமஸ் நோவா மாதிரி ஒரே ஜெட்டில் எல்லாவற்றையும் எரிக்கும் அடுப்பும் உண்டு. மாட்டிக் கழற்றும் வேலை மிச்சம்தான், ஆனால் விலை உங்கள் எல்லைக்கு வெளியே. எந்த அடுப்பு வாங்கினாலும் மண்ணெண்ணெய் ஜெட் கூட வருகிறதா, தனியாக வாங்க முடியுமா என்று பாருங்கள். வீட்டிலேயே மண்ணெண்ணெய் ஜெட்டை மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். கடுகு அளவுப் பொருளை மலையில் புல்லுக்குள் தேடிய அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

சரி, எதை வாங்குவது?

புதிய எம்.எஸ்.ஆர் விஸ்பர்லைட் இன்டர்நேஷனல் அமெரிக்காவிலேயே 100 டாலருக்கு மேல். பாட்டில், தபால், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் எட்டாயிரத்தில் அடங்காது. ஆம்னிஃப்யூயல் அதற்கும் மேலே. ஆனால் பழைய விஸ்பர்லைட் இன்டர்நேஷனல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு என்பது பேச்சுக்கு. மரை இருக்கும் பாட்டில் கழுத்திலும் பிளாஸ்டிக் பம்ப்பிலும் விரிசல் இருக்கிறதா என்று கண்ணைத் திறந்து பாருங்கள். விஸ்பர்லைட் 1984-இல் வந்த வடிவம், இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஓ-ரிங்குகள், பம்ப் வாஷர் எல்லாம் அடங்கிய பராமரிப்புப் பொட்டலம் தனியாக விற்கிறது. பதினைந்து வருஷம் பரணில் கிடந்த அடுப்பைக்கூட அந்தப் பொட்டலத்தால் எழுப்பிவிடலாம். எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். அதை இழுத்து இழுத்து விட்டால் உள்ளே படிந்த கரி வந்துவிடும். ஜெட்டுக்குள் ஒரு ஊசி ஆடிக்கொண்டிருக்கும். அடுப்பைக் குலுக்கினால் அதுவே துளையைக் குத்திவிடும். நம் வீட்டில் தகரக் கைப்பிடி வைத்த ஸ்டவ் ஊசியால் குத்துவோமே, அந்த வேலைதான். இதன் ஒரே குறை, தீயைச் சின்னதாக வைப்பது கஷ்டம். தண்ணீர் கொதிக்க வைக்கத் தங்கம், உப்புமா கிளறினால் அடி பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் பழைய அடுப்பு சொல்லிவைப்பது நல்ல வழி. பாட்டில் மட்டும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

அப்படி யாரும் இல்லை என்றால் சீன அடுப்புகள். பி.ஆர்.எஸ் நிறுவனத்தின் 8 எண் மாடல் மாதிரியானவை கேஸிலும் எண்ணெயிலும் எரியும், விலை பெரிய பிராண்டுகளில் பாதியோ அதற்கும் கீழோ. ‘சீனா சரக்கு’ என்று ஒதுக்க வேண்டாம். பர்னர் என்பது பித்தளையும் துருப்பிடிக்காத இரும்பும்தான், அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. மலிவு அடுப்பு கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்: பம்ப். அதற்கு அடுத்து குழாய் சேரும் மூட்டு. ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும்போது எத்தனை வாட் என்பதை விட்டுவிட்டு, இந்த மாடலுக்கு ஓ-ரிங்கும் பம்ப் வாஷரும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த மாடலுக்குப் போங்கள். இரண்டு அடுப்பில் விலை ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால், குறைந்ததை வாங்கி மிச்சத்தில் இரண்டு செட் ஓ-ரிங், ஒரு கூடுதல் ஜெட், ஒரு காற்றுத் தடுப்பு வாங்குவேன்.

இது என் கைச்சூடு சொல்லிக்கொடுத்த பாடம். பல வருஷம் முன்பு ஆன்லைனில் பேர் தெரியாத ஒரு கம்பெனியின் அடுப்பு வாங்கினேன். வீட்டில் ஒருமுறை பற்ற வைத்தேன், ஜோராக எரிந்தது. மலையில் மூன்றாம் நாள் பாட்டிலைக் கழற்றி மாட்டியபோது பம்ப் கழுத்தில் ஒரு சின்ன ஈரம். கை துடைத்த எண்ணெய் என்று நினைத்து தீக்குச்சி உரசினேன். நீல ஜுவாலை அடுப்பில் வருவதற்குப் பதிலாகப் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி ஓடியது. மண்ணெண்ணெய் என்பதால் ஈரத் துண்டைப் போட்டு அமுக்க முடிந்தது. பெட்ரோலாக இருந்தால் இதை எழுதிக்கொண்டிருப்பேனா தெரியாது. அணைந்த பிறகு பார்த்தால் ஓ-ரிங் குறுக்கே பிளந்திருந்தது. இரண்டு ரூபாய்ப் பொருள், என்னிடம் மாற்று இல்லை. மிச்ச நாளெல்லாம் அவலை ஊற வைத்துத் தின்றோம். அன்றிலிருந்து பாட்டிலை மாட்டி, இருபது குத்து குத்தி, தீ வைக்கும் முன் மூட்டு மூட்டாக விரலால் தடவிப் பார்ப்பேன். ஈரம் பட்டால் தீக்குச்சி பையிலேயே இருக்கும்.

பாட்டில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அடுப்புக் கம்பெனி சொல்கிற எண்ணெய் பாட்டில்தான். தண்ணீர் பாட்டிலில் அழுத்தம் ஏற்றக்கூடாது. எம்.எஸ்.ஆரில் 325, 591, 887 மில்லி என்று மூன்று அளவு. உங்கள் 1.2 லிட்டருக்கு நடு அளவிலும் பெரிய அளவிலும் ஒவ்வொன்று சரியாக இருக்கும். கோடு போட்டிருக்கும் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்றுக்கு இடம் வேண்டும். அப்புறம், இரண்டையும் தண்ணீர் பாட்டில் நிறத்தில் வாங்காதீர்கள். சிரிப்பாக இருக்கும், 4,500 மீட்டரில் மூச்சு வாங்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

பற்ற வைக்கும் பழக்கம் மொட்டை மாடியில் பத்து முறையாவது செய்து வந்திருக்க வேண்டும். பம்ப்பை இருபது குத்து. வால்வை லேசாகத் திறந்தால் ஜெட்டிலிருந்து எண்ணெய் வழிந்து கீழே உள்ள கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி சேரும், மூடிவிடுங்கள். தீ வையுங்கள். மஞ்சளாக, பெரிதாக எரியும், பயப்பட வேண்டாம். அந்தத் தீ அடங்கி, கடைசி நாக்கு துடிக்கும் நேரத்தில் வால்வைக் கால் சுற்று திறந்தால், ‘புஸ்’ என்று ஒரு சத்தத்தோடு நீலம் பிடிக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் ஆவியாகாத எண்ணெய் பீய்ச்சி அடித்து ஆள் உயரத்துக்கு ஜுவாலை எழும். அப்படி எழுந்தால் மூடுங்கள், ஆற விடுங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். தாமதித்தால் வெறும் வெள்ளை ஆவி வரும். குழாய் ஆறிவிட்டது என்று பொருள். மண்ணெண்ணெயையே கிண்ணத்தில் எரித்தால் கரி கொட்டும். ஐம்பது மில்லி ஸ்பிரிட் சின்ன பாட்டிலில் இருந்தால் சூடேற்றுவது சுத்தமாக நடக்கும். சானிடைசர் ஜெல்லும் சமாளிக்கும். பம்ப் வாஷர் தோலாக இருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். காய்ந்த வாஷர் காற்றைப் பிடிக்காது, குத்திக் குத்திக் கைதான் வலிக்கும். பாட்டி தேங்காயெண்ணெய் விடுவார். குளிரில் அது உறைந்துவிடும், வேறு எண்ணெய் பாருங்கள்.

காற்றுத் தடுப்பு கனமில்லாத அலுமினியத் தகடு. எண்ணெய் அடுப்பில் பாட்டில் தள்ளி இருப்பதால் அடுப்பைச் சுற்றி முழுதாக வளைத்து வைக்கலாம், எரிபொருள் கணிசமாக மிச்சமாகும். மேலே திருகும் கேஸ் அடுப்பில் இப்படிச் செய்தால் கேனிஸ்டர் சூடாகி வெடிக்கும் அபாயம் உண்டு. மழையோ பனியோ எதுவானாலும், மூடிய கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் கூடாது. தீப்பிடிப்பது ஒரு பக்கம்; வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கொண்டுபோகும் வழி. விமானத்தில் எரிபொருள் எந்த வடிவிலும் கூடாது. ஒருமுறை எண்ணெய் ஊற்றிய அடுப்பையும் பாட்டிலையும் காலியாக்கிக் கழுவி, நாற்றம் போக உலர்த்தினாலும் விமான நிறுவனம் அனுமதித்தால்தான் உண்டு. கவுன்டரில் மூக்கை வைத்துப் பார்ப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதனால்தான் பாட்டில் புதிதாக இருக்கட்டும் என்றேன். மாடியில் பழகியதற்குத் தனிப் பாட்டில், பயணத்துக்குத் தொடாத பாட்டில். அடுப்பையும் பம்ப்பையும் மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி ஒரு வாரம் வெயில் படாத காற்றோட்டத்தில் வையுங்கள். ரயிலில் போகலாமே என்றால், அங்கும் எரிபொருள் குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தின் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், கள்ளத்தனமாக ஏற்றி வந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். காலி அடுப்போடு போய், அங்கே எண்ணெய் வாங்குங்கள்.

லடாக் போய் வந்த பிறகு இந்த அடுப்பை நம் மலைகளில் பயன்படுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காப்புக்காடுகளில் தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது, கூடவும் வேண்டும். இங்கே கட்டுச்சோறுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுப்புச் செலவை முடிவு செய்வது அதுதான். 4,700 மீட்டரில் தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு அதில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் வேகாது. அங்கே குதிரைக்காரர்கள் பம்ப் ஸ்டவ்வோடு குக்கரையும் ஏற்றிப் போவது அதனால்தான். முதுகில் சுமப்பவர்கள் அவல், சேமியா, வறுத்த ரவை, பருப்புப் பொடி என்று போங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பழைய துண்டைச் சுற்றி வைத்துவிட்டால் மிச்சம் தானாக வேகும்.

லேயில் இறங்கியதும் உடம்பு உயரத்துக்குப் பழக எப்படியும் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் படுத்திருங்கள். இரண்டாம் நாள் மண்ணெண்ணெய் வாங்கி, நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி பாட்டிலில் ஊற்றுங்கள். அறைக்காரரிடம் கேட்டுவிட்டு முற்றத்தில் அடுப்பை ஏற்றி ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அங்கே எரிந்தால் மறுநாள் கிளம்பலாம். எரியாவிட்டால் ஓ-ரிங்கும் ஜெட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைத்தெருவுக்கு நடந்து ஒரு கேஸ் பர்னரும் நான்கு கேனிஸ்டரும் வாங்கிக்கொள்ளுங்கள்.